மாலையில் தளர்த்திய நரம்புகள்

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய நோரா சிஸ்டரம்மா,

நீங்கள் இருக்கும் இடத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் பயந்துபோய் இருக்கிறேன். உங்கள் தம்பி வருகிறார். அயர்லாந்திலிருந்து புறப்பட்டுவிட்டாராம். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதராஸ் ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்குகிறார். உங்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு, என்னிடம் இருக்கும் உங்கள் ஹார்ப் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போகிறாராம். உங்கள் டிஸ்பென்சரி மேரி நர்ஸ் வூடு தேடி வந்து சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பயத்தைச் சொல்வதற்கு முன் ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவது நானேதான். பஞ்சு கொட்டுகிற உசேன் பாய் தன் கையால் எழுதுகிறான்! மாரண்டஹள்ளிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. அங்கே கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடும். 'ழ' போடும்போது கையோடு நாக்கும் சேர்ந்து சுழலுகிறது. எழுதி முடித்ததும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டு என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். படிக்கிறேன். நான் செய்ததை நாலு பேர் கேட்கட்டும்.

தருமபுரி தனி மாவட்டமானதற்கு மறு வருஷம் என்னை டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டீர்கள், நினைவிருக்கிறதா? பன்னிரண்டு மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சு கொட்ட வேண்டும். வேப்பமரத்தடியில் பஞ்சு கொட்டும் வில்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நரம்பை மரக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தேன். நரம்பு 'டொய்ங்' என்று அதிர, கட்டியாகக் கிடந்த பஞ்சு நுரைபோலப் பிரிந்து பறந்தது. நீங்கள் கையில் ஊசியோடு ஓடிவந்தீர்கள். எனக்குத்தான் ஊசி என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன்.

"பாய், நிறுத்துங்க! அது என்னா நரம்பு?"

"ஆட்டுக் கொடலுங்க சிஸ்டர். முறுக்கிக் காய வச்சது."

"எந்த ஆடு?"

"செத்துப்போன ஆடுதானுங்க."

நீங்கள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய், துணி மூடியிருந்த ஒன்றைத் திறந்து காட்டினீர்கள். ஒரு பக்கம் வளைந்த மரம், மேலிருந்து கீழே முப்பது நரம்புகள். அதில் ஒன்பது அறுந்து தொங்கின. எங்கள் ஊர் வெயிலுக்கு அவை தாங்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து பார்சல் வர மாதக்கணக்காகும். "இதுக்கு நரம்பு முறுக்கித் தர முடியுங்களா பாய்?" என்று கேட்டீர்கள். என் வில்லுக்கு அக்காள் ஒருத்தி எங்கோ கடலுக்கு அப்பால் பிறந்து வளர்ந்து வந்து நிற்பதுபோல எனக்கு இருந்தது.

தடித்த நரம்பு எனக்குக் கைவந்த வேலை. மெல்லிய நரம்புதான் படாதபாடு படுத்தியது. எத்தனை அறுந்தன! கடைசியில் ஒன்று நின்றது. நீங்கள் அதை மீட்டினீர்கள். சிஸ்டரம்மா, நாற்பது வருஷமாக நான் முறுக்கிய நரம்பு 'டொய்ங்' என்று மட்டும்தான் பேசும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது பாடியதைக் கேட்டேன். எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எனக்கு அறுபது வயது. உங்களுக்கு நாற்பத்தைந்து இருக்குமா?

இடது தோளில் சாய்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பழைய வாத்தியக்காரர்கள் அப்படித்தான் சாய்ப்பார்களாம். அவர்கள் காலத்தில் பித்தளைக் கம்பி, நகத்தை வளர்த்து மீட்டுவார்களாம். இது குடல் நரம்பு என்பதால் விரலின் சதை போதும் என்றீர்கள். நான் பழக்கதோஷத்தில் அடித்தேன்.

"கொட்டாதீங்க பாய், கிள்ளுங்க. கொழந்த கன்னத்தக் கிள்ளற மாதிரி."

"அழுவுமேங்க."

"அழுவட்டும். அதுக்குத்தானே கிள்றோம்."

அழவைக்கும் இசை, சிரிக்கவைக்கும் இசை, தூங்கவைக்கும் இசை என்று மூன்று வகை உண்டு; மூன்றும் வந்தால்தான் அந்தக் காலத்தில் ஒருவனை வாத்தியக்காரன் என்று மதிப்பார்கள் என்று சொன்னீர்கள். இதை நான் என் மனைவி ஜைத்தூனிடம் சொன்னேன். வூட்டில் நாங்கள் உருதுதான் பேசுவோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "தூங்க வைக்கறதுக்கு வாத்தியம் எதுக்குங்க? நீங்க கொட்டற மெத்தையே போதுமே" என்றாள். அதைக் கேட்டு நீங்கள் மருந்துப் புட்டியைக் கீழே போட்டு உடைத்தீர்கள்.

சுருதி கூட்டுவது நடுவிலிருந்து தொடங்கும். நடுவில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நரம்புகளுக்கு ஒரே சுருதி. அவற்றுக்கு அக்கா தங்கச்சி என்று பெயர். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் மற்ற குடும்பத்தைச் சேர்க்க முடியும் என்பீர்கள். தினமும் காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் சாவியால் முளைகளைத் திருகி நீங்கள் சுருதி கூட்டுவீர்கள். கற்றுக்கொள்ள வரும் நாளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். காலையில் மட்டும்தான் பார்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. இந்த இசையைக் காகிதம் பார்த்துக் கற்பதில்லை, காதால்தான் கற்க வேண்டும் என்றீர்கள். கண் தெரியாதவர்கள்கூட ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார்கள் என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. நீங்கள் தினசரியை நீட்டி ஏதாவது சொன்னால் கண்ணை இடுக்கிப் பார்த்துத் தலையாட்டுவேன். கடல் தாண்டி வந்த ஒருத்தி தமிழ் எழுதுகிறாள், இங்கேயே பிறந்தவனுக்கு அது தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஏழு வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒருநாள்கூட நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

காமாலை வந்து நீங்கள் படுத்த வாரம் என்னைக் கூப்பிட்டீர்கள். கண்ணெல்லாம் மஞ்சள்.

"பாய், இத உங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இதோட பையில ஒரு காயிதம் வச்சிருக்கேன். படிச்சு அதே மாதிரி செய்யுங்க."

"சரிங்க சிஸ்டர்."

உங்களிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. அதுவும் பொய்.

யாரிடமாவது அந்தக் காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கென்று நீங்கள் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்க மனசு வரவில்லை. அது ஒரு காரணம். நமக்குத் தெரியாத எதைப் புதிதாக எழுதியிருக்கப் போகிறார்கள் என்ற திமிர் இன்னொரு காரணம். நரம்பே நான் முறுக்கியது அல்லவா?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வில்லின் நரம்பைத் தளர்த்திவிடுவோம். இறுக்கமாகவே விட்டால் வில் கூனிப்போகும். அதற்கும் ஓய்வு வேண்டும். உங்கள் ஹார்ப்பையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் முப்பது நரம்பையும் ஏற்றுவேன். வாசிப்பேன். சாயங்காலம் தொழுதுவிட்டு வந்து முப்பதையும் தளர்த்துவேன். 'இன்னைக்கு இழுத்தது போதும், படு' என்று சொல்லித் துணியைப் போர்த்துவேன். பிரியமாகத்தான் செய்தேன், சிஸ்டரம்மா. அப்படிப் பிரியமாக வேறு எதையும் நான் செய்ததில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, காய்ந்த புளியம்பழ ஓடு நொறுங்குவதுபோல 'டப்' என்று ஒரு சத்தம். நரம்புகள் வந்து இறங்கும் முன்பலகையை நீங்கள் வயிறு என்பீர்களே, அந்த வயிற்றில் கட்டை விரல் நகத்தின் அளவுக்கு ஒரு கோடு. என் வயிற்றிலேயே விழுந்ததுபோல உட்கார்ந்துவிட்டேன். எதனால் விழுந்தது என்று தெரியவில்லை. எல்லா நரம்பையும் தளர்த்தி, ரஜாய்ப் போர்வையில் சுற்றி, பெட்டிமேல் வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஆனால் காகிதம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் படிப்பதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன். பேரன் வயதுப் பையன்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்து அ, ஆ போட்டேன். ஒன்பது மாதம் கழித்து ஒரு மத்தியானம் பையைத் திறந்து காகிதத்தைப் பிரித்தேன். பெரிய பெரிய எழுத்து. முதல் வார்த்தையை எழுத்துக் கூட்டினேன்.

"ஏ ஜைத்தூன், இங்க வா! என்னையத்தான் போட்டிருக்காங்க! 'பாய்'னு போட்டிருக்குது!"

"ஊருல நூறு பாய் இருக்காங்க. மேல படிங்க."

மேலே படித்தேன். 'பாய், தினமும் காலையில் சுருதி கூட்டுங்கள். வாசிக்காத நாளிலும் கூட்டுங்கள். எல்லா நரம்பையும் ஒருபோதும் சேர்த்துத் தளர்த்தாதீர்கள். இந்த மரம் இழுப்பில் நின்று பழகியது. இழுப்பு போய்ப் போய் வந்தால் வயிறு கிழிந்துவிடும். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.'

ஜைத்தூன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். படிக்கத் தெரிந்த சந்தோஷமும் படித்ததன் பயமும் ஒரே வாயில் வந்து நின்றால் மனிதன் எதை விழுங்குவான், நீங்களே சொல்லுங்கள்?

அதற்கடுத்த மாதம்தான் உங்கள் தம்பி வரும் சேதி வந்தது. அவர் மாடு வளர்க்கிறவராம், இந்த வாத்தியம் பற்றி ஒன்றும் தெரியாதாம். அவர் மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாளாம். இது உங்கள் தாயார் வைத்திருந்தது என்று மேரி நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தளர்ந்த நரம்போடு அவர் கையில் கொடுப்பதா? தினம் ஒவ்வொரு முளைக்கும் கால் சுற்று என்று மெதுவாக ஏற்ற ஆரம்பித்தேன். மரம் வெடித்துவிடுமோ என்று முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சாவியைத் திருகுவேன். கோடு வளர்ந்தது. இப்போது ஒரு விரல் நீளம்.

நல்லம்பள்ளியிலிருந்து கோவிந்த ஆசாரியை வரவழைத்தேன். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இது ஒண்ணுமே இல்ல பாய். அரக்கும் மரத்தூளும் கலந்து அடைச்சு, மேல பாலிஷ் போட்டேன்னா உங்க கண்ணுக்கே தெரியாது. வெள்ளக்காரருக்கு எங்க தெரியப்போவுது?"

"தப்பில்லீங்களா ஆசாரி?"

"பொண்ணு பாக்க வரும்போது மூஞ்சிக்கு மாவு பூசறதில்லையா? அது மாதிரிதான்."

நான் சரி என்றேன். பொய் சொல்லமாட்டேன், அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். ஆசாரி கை சுத்தம்; கோடு இருந்த இடமே தெரியவில்லை. மறுநாள் காலையில் மீட்டினேன். "சளி புடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள் ஜைத்தூன். குரல் செத்திருந்தது. அது போகட்டும், அவருக்குத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் ஒரு யோசனை வந்து பிடித்துக்கொண்டது. உங்கள் தம்பி மகள் அங்கே இதை இடது தோளில் சாய்த்துக்கொள்வாள். கன்னம் மரத்தோடு ஒட்டியிருக்கும். உள்ளே விரிசல் இருப்பது தெரியாமல் சாவியைப் போட்டுத் திருகுவாள். எனக்குத் தெரியும், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவளுக்கு யார் சொல்வார்கள்? அன்றே மெத்தை தைக்கும் கோணி ஊசியை எடுத்து, ஆசாரி அடைத்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன். பாலிஷ் போன இடத்தில் கோடு முன்னைவிட அசிங்கமாகத் தெரிகிறது.

இன்று புதன்கிழமை; அவர் வர இன்னும் இரண்டு நாள்தான். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்கள். முப்பதும் சுருதியில் நிற்கின்றன. நீங்கள் இருந்தபோதுகூட இந்தக் குரலை நான் கேட்டதில்லை, சிஸ்டரம்மா. அவ்வளவு பெரிதாக, அவ்வளவு இனிப்பாக இருக்கிறது. ஒருமுறை நீங்கள் சொன்னீர்கள்: "இது பொறந்த நாளா தன்னையே இழுத்துக்கிட்டிருக்கு பாய். இழுக்க இழுக்கக் கொரலு நல்லா வரும். ரொம்ப நல்லா வந்துடுச்சுன்னா உடையப்போவுதுன்னு அர்த்தம்." அப்போது சிரித்தேன். இப்போது அந்த இனிப்பைக் கேட்டதும் விரல் தானாகக் கோட்டை அளந்து பார்க்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறதே, அது எப்படி?

உங்கள் தம்பி என்ன சொல்வார்? என் அக்காள் ஒரு முட்டாளையா நம்பினாள் என்று நினைப்பாரா? வாசிக்கச் சொல்லி, வாசிக்கும்போதே வெடித்துவிட்டால்? எதுவும் ஆகாமல், பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன்?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவர் உட்கார்ந்து டீ குடிப்பதற்கு முன்னால், அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் வைப்பேன். தினமும் சாயங்காலம் தளர்த்தியது நான்தான் என்று சொல்வேன், படிக்கத் தெரியாததை உங்களிடம் மறைத்ததையும் சொல்வேன். மேரி நர்ஸ் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல வேண்டும், நயமாக மாற்றிச் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் வாசிக்கச் சொன்னால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வாசிப்பேன். எடுத்துப்போகிறேன் என்றால், பொம்மிடி வரைக்கும் பஸ்ஸில் என் மடியில் வைத்துக் கொண்டுபோய் ரயிலேற்றிவிடுவேன். பயம் போகாது. பயந்துகொண்டேதான் இதையெல்லாம் செய்வேன்.

இப்படிக்கு,
உங்களைவிடப் பதினைந்து வயது மூத்த மாணவன்,
வேறு தாய் வயிற்றில் பிறந்த உங்கள் அண்ணன்,
உசேன்