விஷ்ணுகிராந்தி பூக்கும் நேரம்

மே 12, செவ்வாய், இரவு

 சொன்னதைத் திரும்ப வாங்கப் போவதில்லை.

சாயங்காலம் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்கா கொத்தனாரோடு வந்தார். வாசலோரம் நான் வளர்க்கும் விஷ்ணுகிராந்தியை வெட்டிவிட்டு, வண்டி நிறுத்த சிமென்ட் போட வேண்டுமாம். "பூவே பூக்காத களை" என்றார். அவர் விடியுமுன் சிம்மக்கல் கடைக்குப் போய் இருட்டும்போது திரும்புகிறவர். அந்த நீலப் பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். எங்கே பார்த்திருப்பார்?

வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன். கொத்தனார் மண்வெட்டியை எடுத்ததும் என்ன ஆனதோ, வெறுங்காலோடு போய்ச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டேன்.

"வெட்டாதீங்கண்ணே. போன கோடையில கருகி, வேர்லருந்து திரும்ப வந்த செடி."

"இம்புட்டுப் படிச்சது களைக்குக் காவல் நிக்கவா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா, "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாக, வாயை மூடுடி" என்று கெஞ்சினாள்.

கொத்தனார் சிரித்துவிட்டார். "பாப்பா நகராது போல. காலையில வாரேன்க்கா."

அம்மா என்னோடு பேசாமல் படுத்துவிட்டாள். வேறு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் நின்றேன். கொத்தனார் வேலையைப் பார்க்க நாளைக் காலையில் அக்கா கடைக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். பூ விரிந்திருக்கும். பார்க்கட்டும். பார்த்த பிறகும் வெட்டச் சொன்னால், வெட்டுகிற இடத்தில் நான் நிற்பேன். ஆபீஸுக்கு லீவு சொல்லியாயிற்று.