சாய்ந்து தொங்கிய கயிறு

கயிறு இன்னமும் சாய்ந்தே தொங்குகிறது.

மழை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று இன்று கே.கே. நகர் அலுவலகத்தில் பழைய நெகட்டிவ் உறைகளைப் பிரித்தேன். படம் கழுவும் ஹைப்போ வாடையோடு உன் வீடு கையில் வந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். உங்கள் பின்சுவர் செங்குத்தாக நிற்கிறது. பக்கத்தில், கிணற்று ராட்டினத்திலிருந்து இறங்கும் கயிறு, நுனியில் நிறைவாளியோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

நீ பார்த்த படத்தில் இந்தக் கயிறு இல்லை. வெட்டியது நான்தான்.

எங்கள் இன்ஜினியருக்கு அவர் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் உனக்கு நினைவிருக்கும். கட்டடங்களைப் படமெடுக்கும் வேலையில் அது எனக்கு முதல் வருஷம். சாதாரண லென்ஸில் உயரமான கட்டடம் முழுதாக விழ காமிராவை அண்ணாந்து வைக்க வேண்டும். அப்போது சுவர்கள் பின்னால் சரிவதுபோலத் தெரியும். இந்த லென்ஸில் காமிரா நிமிர்ந்தே இருக்கும். திருகைத் திருப்பினால் லென்ஸ் மட்டும் மேலே நகரும். இன்னொரு திருகு அதன் கழுத்தைச் சாய்க்கும். அப்படிச் சாய்த்துத்தான் உன் அம்மா தரையில் விரித்த சுங்குடிச் சேலையை எடுத்தேன். என் காலடிப் புள்ளியிலிருந்து கடைசி முந்திப் புள்ளிவரை ஒன்றுகூட மங்கவில்லை. நீ உங்கள் வீட்டு மொழியில் ஏதோ சொல்ல, அம்மா சிரித்தார்.

"என்னடி சொன்ன?"

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி கழுத்தச் சாச்சுச் சாச்சுப் பாக்குதுன்னேன்."

பிறகு, சுங்குடிக்கு முடிச்சுப் போடும் நூலால் லென்ஸ் மூடியைக் காமிராவோடு கட்டிக் கொடுத்தாய். "இதத் தொலைச்சே, இன்ஜினியர் உன்னத் தொலைச்சுருவாரு."

அந்த ஆவணியில் பின்சுவர் விரிசல் விட்டது. சுவர் உள்ளே சாய்கிறது என்றார் அம்மா. உனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் பின்ஜன்னல் வெளிச்சத்தில் நீ உட்கார்ந்து சுங்குடி முடிச்சுப் போடும் பாயை இருட்டு நடைக்கு மாற்றியிருந்தாய். அங்கே முடிச்சு கண்ணுக்குப் பிடிபடவில்லை. திருமங்கலத்திலிருந்த வீட்டுக்காரர், வர நேரமில்லை, படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். "அந்தக் கழுத்து லென்ஸுலயே எடுடி" என்றாய் நீ.

முற்றத்தின் ஓரத்தில் ஸ்டாண்டை நிறுத்திப் பார்த்தேன். சுவர் சாய்ந்து தெரிந்தது. சாய்ந்திருந்ததால்தான் அப்படித் தெரிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தில் சாய்வு வந்தால் குற்றம் காமிராவுடையது; ஒரு வருஷமாக நான் படித்த பாடம் அது ஒன்றுதான். சுவரின் விளிம்பு காமிராவில் தெரிந்த சட்டத்தின் விளிம்போடு ஒட்டும்வரை காமிராவைப் பக்கவாட்டில் சாய்த்தேன். ஸ்டாண்டிலிருந்த ரசமட்டத்தில், நடுவில் நிற்க வேண்டிய குமிழி ஓரத்துக்கு ஓடியது. பழைய ஸ்டாண்ட், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிரிண்ட் போட்டபோது சாய்ந்து தொங்கிய கயிறு உறுத்தியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். நிறைவாளியைச் சாய்க்கிற காற்று அன்று அடிக்கவில்லை. கத்தரியோடு ஒரு நொடி நின்றேன். பிறகு கயிறு விழுந்த ஓரத்தை வெட்டினேன். அந்த ஒரு நொடி இன்றுவரை என்னை விடவில்லை.

நீ படத்தைப் பார்த்தாய். "என்னடி, செவுரு நேராத்தான நிக்குது?"

"நம்ம கண்ணுதான் தப்பாப் பாக்கும். இந்த லென்ஸு பொய் சொல்லாது" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

சுவர் நன்றாகத்தானே நிற்கிறது, தை பிறக்கட்டும், விரிசலைப் பூசிவிடலாம் என்று வீட்டுக்காரர் கார்டு போட்டார். அதற்கு முன்பே, நான் படம் கொடுத்த அன்றே, நீ பாயைப் பழையபடி ஜன்னலடிக்கு இழுத்துவிட்டாய்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் சுவர் உள்ளே, உன்மேல் விழுந்தது. செய்தி வந்ததும் நான் உன்னிடம் ஓடி வரவில்லை. முதலில் நெகட்டிவைத் தேடி எடுத்துக் கயிற்றைப் பார்த்தேன். சாய்ந்தது கயிறு இல்லை, சுவர்தான் என்று தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

"படத்துல நேராத்தான நின்னுச்சு" என்றாய். இடுப்புக்குக் கீழே உனக்கு உணர்வில்லை. "இம்புட்டு மழைக்கு எதுதான்டி நிக்கும்?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத் திருத்த இரண்டு மாதம் இருந்தது. தினமும் சாத்துக்குடி வாங்கி வந்தேன், பத்திரிகைக் கதை வாசித்துக் காட்டினேன், உனக்குத் தலை பின்னிவிட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. தை பிறக்கும் முன் நீ போய்விட்டாய்.

உன் அம்மா இப்போது ஆனையூரில் உன் அக்கா வீட்டில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். "எனக்கு அன்னைக்குச் சாஞ்ச மாதிரிதான்மா தெரிஞ்சுச்சு. எங் கண்ணுதான் சரியில்ல போல" என்றார். அப்போதும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

லென்ஸ் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. நீ கட்டிய நூல் இருக்கிறது. அதன் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, எந்தக் கட்டடத்தை எடுத்தாலும் படத்தின் ஓரத்தில் விழும்படி தொங்கவிடுகிறேன். "ஏம்மா, எல்லாப் படத்துலயும் என்ன ஒரு நூலு? வெட்டிட்டா என்ன?" என்பார் இன்ஜினியர். "இருக்கட்டும் சார்" என்பேன்.

இன்று அந்த நெகட்டிவை மறுபடி பிரிண்ட் போட்டேன்; எதையும் வெட்டவில்லை. ஈரத் தாளை மேசையில் வைத்து, கயிறு நேராகத் தொங்கும்வரை மெல்லத் திருப்பினேன். சுவர் உள்ளே, உன் பாய் கிடந்த பக்கம் சாய்ந்தது. உன் அம்மா பார்த்தது அதைத்தான்.

தாள் காய்ந்துகொண்டிருக்கிறது. இதை எப்படித் திருப்பிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நான்தான் காட்ட வேண்டும்.