பௌர்ணமிக்கு மறுநாள் கொடுத்த ரத்தம்

ஜூலை 14, திங்கள்

மேகம் மட்டும். மழை இல்லை. மலை உச்சி மதியம் வரை தெரியவில்லை.

இன்று சொல்லாதது: ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று சேகரிடம் சொல்லவில்லை. காலையிலேயே போனில் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸில் மனு நாள், வரிசை வாசல் வரை. ஒரு மனுவைத் தட்டச்சு செய்து முடித்து அடுத்ததை வாங்குவதற்குள் திறந்து பார்த்தேன். புரோலாக்டின், தடித்த எழுத்தில். கார்டிசோல், அதுவும் தடித்த எழுத்தில். எதிரில் நின்ற அம்மாள், "இன்னாம்மா, என் பேரு தப்பா கீதா?" என்றார். பேர் சரியாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில் கட்டி இருந்தாலும் புரோலாக்டின் ஏறுமாம், மாதவிலக்கு நின்றுபோகுமாம்.

எனக்குச் சித்திரையோடு நின்றது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல் முறையாக நாள் தள்ளிப்போனதால் வீடே சந்தோஷப்பட்டது. சோதனைக் குச்சியில் ஒரே கோடு. மறுபடியும் ஒரே கோடு. அப்புறம்தான் டாக்டர்.

அ.போ. (அத்தை போன்) வழக்கம்போல் ஏழு மணிக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து. "எதுனா விசேஷம் உண்டா?" இல்லை அத்தை. "சரி, சரி. சாப்பிடு." குரல் ஒரு சுற்று இறங்கிவிடுகிறது. அவருக்கே தெரியாது.

சேகர், தான் வேலை பார்க்கும் ஆசிரமம் பக்கத்துக் கஃபேயை மூடிவிட்டு வந்தார். "என்ன ஒரு மாதிரி இருக்க?"

"மனு நாள்."

"ஓ."

வாங்க: கடுகு, கொசுவத்தி, தலைவலித் தைலம்.

ஜூலை 16, புதன்

வெயில். தூக்கம் இல்லை.

காலையில் சொல்லிவிட்டேன். சேகர் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். போனை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. "கட்டியா இருக்கலாமாம்" என்றேன். அடுப்பை அணைத்தார். "சட்டையை மாத்திட்டு வரேன். வா போலாம்."

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், பிறகு சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"ரத்தம் வெள்ளிக்கிழமை காலையில குடுத்தீங்களா?"

"ஆமா மேடம்."

"வியாழக்கிழமை பௌர்ணமி."

சேகரும் காலண்டரைப் பார்த்தார்.

"கிரிவலம் போனீங்களா?"

சேகர்தான் பெருமையாக, "முடிச்சுட்டு நேரா லேபுக்கு வந்துட்டோம் மேடம். தண்ணியைத் தவிர எதுவும் சாப்பிடல. வெறும் வயிறுன்னு சொன்னீங்களே."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "வெறும் வயித்தோட வரச் சொன்னேன். ராத்திரி முழுக்க வெறுங்காலோட மலையைச் சுத்திட்டு வரச் சொன்னேனா? இந்த ஊர்ல நான் வாசல்லயே போர்டு வெக்கணும் போலகீது."

விடிய விடிய விழித்து, நடந்து, பயந்துகொண்டே ஊசிக்குக் கை நீட்டினால் யாருக்கும் இரண்டும் ஏறுமாம். ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கி, எழுந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும்.

"அதுக்காகப் பிரச்சினையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தூக்கம் எப்பலேர்ந்து சரியில்ல?"

யோசித்தேன். தை மாதத்திலிருந்து. அத்தை வேண்டிக்கொண்டது தையில். ஒரு வருடம், ஒரு பௌர்ணமியும் விடாமல் நாங்கள் இருவரும் மலையைச் சுற்றுவதாக. ஒன்று விட்டாலும் முதலிலிருந்து.

ஒரு பௌர்ணமி ராத்திரி யாரையும் கெடுத்துவிடாது. மற்ற ராத்திரிகளில் படுத்துக்கொண்டு அடுத்த பௌர்ணமியை நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் கெடுத்தது. ஆனாலும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இரண்டு மூன்று மாதத்துக்கு ராத்திரி விழிக்கும் எந்த வேலையும் கூடாது.

வெளியே வந்ததும் சேகர், "அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"வேணாங்க. நான் சொல்லிக்குடுத்து நீங்க பேசறீங்கன்னு நெனைப்பாங்க."

"அப்ப நீ சொல்லு."

"ம்."

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று. மொட்டைமாடித் துணி பக்கத்து வீட்டில்.

படித்ததில் குறித்துக்கொள்ள: சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. ஆபத்து என்று மூளை சொன்னால் கார்டிசோலை விடுகிறது. ஓட, சண்டை போட, விழித்திருக்க. காலையில் ஏறி ராத்திரி இறங்க வேண்டியது. இறங்காவிட்டால் தூக்கம் வராது. தூங்காவிட்டால் அது இறங்காது. ஆபத்து நீண்டால், முட்டைப்பைக்குப் போகும் சேதியை மூளை குறைத்துவிடுகிறது. இது பிள்ளை பெறும் சமயம் இல்லை என்று உடம்பு எடுத்துக்கொள்ளும் முடிவு.

இத்தனை நாள் என் உடம்பு என்னை ஏமாற்றுகிறது என்று கோபம். அது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாம். எந்தப் புலியிடமிருந்து? ஏழு மணி போனிடமிருந்தா? பாவம் அத்தை.

ஜூலை 20, ஞாயிறு

ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. சேகர் கஃபேயின் பழைய திரைச்சீலையைக் கேட்டு வாங்கி வந்தார். பச்சையில் யானைகள். ஆணி அடிக்கும்போது கட்டைவிரலில் ஒரு போடு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கண்ணில் தண்ணீரோடு. முதலாளியிடம் காலை ஷிஃப்ட் கேட்டிருக்கிறாராம். சம்பளம் கம்மியாகும், பரவாயில்லையாம்.

போன் இரண்டும் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பா பக்கத்தில்.

தூங்கினேன். கொஞ்சம்.

ஜூலை 28, திங்கள்

இரண்டாவது முடிவு. தடித்த எழுத்து எதுவும் இல்லை. டாக்டரம்மா போனில்: "கட்டிகிட்டின்னு கற்பனை பண்ணாதம்மா. வரட்டும், பொறுத்துப் பாப்போம்."

ஆபீஸ் கழிப்பறையில் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு இன்னும் நிறைய மனு.

மாதவிலக்கு இன்னும் இல்லை. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர். சொல்லத்தான் போனேன்.

அத்தை வாசலில் வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். கால் நீட்டி உட்கார்ந்து, குதிகால் வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துடறேன். இந்த வாட்டி கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்றார். வேண்டிக்கொண்டது எங்களுக்காக. ஒவ்வொரு பௌர்ணமியும் எங்களோடு தானும் நடக்கிறார். யாரும் கேட்காமலே.

அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது. ஒரு பை கடலையோடு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புழுக்கம். ஏழு மணிக்கு அ.போ. அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தூக்கம், ரத்தம், டாக்டரம்மா சொன்னது, நாளை என்னால் நடக்க முடியாது என்பது.

அந்தப் பக்கம் டிவியை அணைத்தார்.

"அப்ப அந்த ரிப்போர்ட்டு கெட்டுப்போனது என்னாலதானா?"

"அய்யோ, இல்லத்தே. அப்படியெல்லாம் இல்ல."

"தெனம் போன் பண்ணி நச்சரிக்கறேனே, அதுவும் சேத்தியா?"

நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு விநாடி தாமதித்துவிட்டேன். அவர் வைத்துவிட்டார்.

சேகர்: "கோவம்லாம் இருக்காது." அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி. பௌர்ணமி

ஊர் முழுக்கக் கூட்டம். ஆபீஸிலிருந்து நடந்தே வந்தேன், ஆட்டோ கிடைக்கவில்லை.

வீட்டு வாசலில் அத்தையின் செருப்பு.

உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "நீ சாப்பிட்டுட்டுப் படு. வேண்டிக்கினது நானு. உன் பங்கையும் சேத்து நானே நடந்துட்டு வரேன்."

சேகர் சும்மா இருக்காமல், "ஆள் மாத்தினா சாமி ஒத்துக்குமாம்மா?"

"அத நான் பேசிக்கறேன். நீ கெளம்பற வழியப் பாரு. வருசம் முழுக்க நடக்க வெக்கறேன்னு சொன்னேன், இவ தூக்கத்தைத் தரேன்னா சொன்னேன்?"

கிளம்பும்போது யானைத் திரையை அவரே இழுத்து மூடினார். "இது யாரு வாங்கனது, இவ்ளோ அசிங்கமா?" பிறகு கை நீட்டினார். "போனக் குடு." என் போனைத் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பேனாவை வைக்கிறேன். படுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

எழுந்தபோது வெயில் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவர்கள் வந்த சத்தமே கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பாயில் அத்தை, வாய் லேசாகத் திறந்து நல்ல உறக்கம். காலில் தார்ச்சாலைக் கறுப்பு.

முகம் கழுவப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். என் நெற்றியில் விபூதி. எழுப்பாமல் வைத்திருக்கிறார்.

அவர் எழும்வரை பாத்திரம் தேய்க்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

தூறல். அ.போ.வில் கேள்வி மாறிவிட்டது: "தூங்குனியா?" தூங்கினேன் அத்தை. "சரி, வை."

ஆகஸ்ட் 14, வியாழன்

விடியும்போது அடிவயிற்றில் வலி. வந்துவிட்டது.

மூன்று வருடமாக மாதாமாதம் இந்தச் செய்தியைத் தலைகுனிந்து சொல்லியிருக்கிறேன். இன்று நானே போன் செய்தேன்.

"அத்தே, வந்துடுச்சி."

"வந்துடுச்சா!" போட்ட சத்தத்தில் பக்கத்தில் யாரோ, "யாரு வந்ததுக்கா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"என் மருமவளுக்கு ஒடம்பு சரியாயிடுச்சி" என்றார் அவர்களிடம். என்னிடம், "உளுந்து இருக்குதா வூட்ல? இரு, எடுத்துக்கினு வரேன்."

பதினோரு மணி பஸ்ஸில் வந்தார். உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி போட்டு. இரண்டு டம்ளர் குடித்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பகலிலேயே, திரையை மூடிக்கொண்டு தூங்கினேன்.