கேட்டுக்கு வெளியே நின்ற மூன்று பிள்ளைகள்

இன்று காலைத் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பளபளப்பான தாள், மேலே உன் படம். கிளப்பில் உன் பெயரால் சிறுவர் டென்னிஸ் கோப்பை நடத்துகிறார்களாம். பழைய நண்பன் என்று எனக்கும் பேச இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே, ‘பேதம் பாராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் வாசலைத் திறந்தவர்’ என்று அச்சடித்திருக்கிறது. படித்ததும் காப்பியைத் தள்ளி வைத்தேன். நீ திறந்தாயா? செத்துப்போனவனிடம் கேட்கிறோமே என்று எனக்கு வெட்கமில்லை. சொல், திறந்தாயா?

ஒன்றாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ படித்து டிரில் வாத்தியார் ஆனாய். நான் ஐந்தாவதோடு நின்று, கள்ளக்குறிச்சியில் அந்த கிளப்புக்கு வேலைக்குப் போனேன். மைதானத்தில் உருளை இழுப்பேன், சுண்ணாம்புக் கோடு போடுவேன், ஆபீசர்களுக்கு எதிரே நின்று பந்து அடித்துக் கொடுப்பேன். ஒரு கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தர அனுமதி வாங்கி வந்தாய். சொல்லிக்கொடுக்க என்னை இழுத்தாய்.

“எனக்கு இன்னாடா தெரியும்?”

“பத்து வருசமா பாத்துக்கினு இருக்கியே, அது போதும்.”

முதல் நாள் பன்னிரண்டு பிள்ளைகளையும் இடது கையில் மட்டையைப் பிடிக்க வைத்தேன். ஆபீசர்களை எதிரே நின்று பார்த்தே பழகியவன் நான். கண்ணாடியில் பார்த்ததுபோல எனக்கு எல்லாம் மாறித்தான் படிந்திருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “யோவ் கோச்சு, ஊரையே நொட்டாங்கை ஆக்கிட்டியே!” எல்லாரும் கை மாற்றினார்கள், செல்வியைத் தவிர. “எனக்கு இதான் சார் வருது” என்றாள். கரும்பு வெட்டுகிறவரின் மகள். காலனியிலிருந்து வந்த மூவரில் ஒருத்தி. அந்தப் பன்னிரண்டு பேரில் பந்து அவள் பேச்சைத்தான் கேட்டது.

விடுமுறை முடிந்தும் பயிற்சியை நிறுத்தவில்லை. பிறகு இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்கூட நின்றுவிட்டது. பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே பதற்றம் இருந்தது. மைதானத்தில் ஒரு சண்டையும் இல்லை. அப்போதுதான் கிளப் செயலாளர் வந்து சொன்னார்: “வெளிய நெலம சரியில்ல. காலனிப் புள்ளைங்க கொஞ்ச நாள் வர வாணாம்.”

“பயம்னா எல்லாரையும் நிறுத்துங்க. அது இன்னா, மூணு பேர மட்டும்?” என்று கத்தினேன்.

நீ என் தோளைப் பிடித்தாய். “கொஞ்ச நாள்தானேடா, வுடு. மொறச்சா மொத்தமா மூடிடுவாங்க.”

சுண்ணாம்பு வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு வெளியேறினேன். மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

மரங்களை அகற்றினார்கள். பஸ் ஓடியது. வேறு ஆள் கோடு போட்டான், ஊர்ப் பிள்ளைகள் ஆடினார்கள். கொஞ்ச நாள் முடிந்துவிட்டது, வாருங்கள் என்று அந்த மூவரிடம் போய்ச் சொல்வது யார் வேலை? யாருடைய வேலையும் இல்லை. நீயும் போகவில்லை. அதற்காக உன்னோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தேன். உன் மகள் கல்யாணத்தில் சேர்ந்துகொண்டோம். அப்போதும் இதைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை.

அழைப்பிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்றைக்கே எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறினேன். செல்வியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வாசலில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். “பாத்தியாம்மா அநியாயத்த? அன்னிக்கு உங்களுக்காக வேலையே வாணாம்னு வந்தவன் நான் ஒருத்தன்தான்.”

அவள் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க வேலைய வுட்டதே எங்களுக்குத் தெரியாதே சார். நாங்க தெனம் வந்து கேட்டாண்ட நின்னோம். வாத்தியார் பாத்துட்டுத் திரும்பிக்குவாரு. நீங்களாச்சும் வருவீங்கன்னு பாத்தோம். நீங்களும் வரல.”

காலனியில் அவள் வீடு அப்போதே எனக்குத் தெரியும். கிளப்பிலிருந்து கால்மணி நேர நடை. கோபித்துக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்திருந்தேனே தவிர, காலனிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன்மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த ஆத்திரம் குறையவில்லை. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று இன்றுதான் தெரிந்தது.

விழாவுக்குப் போகிறேன். நீ திறக்கவில்லை என்று மைக்கில் சொல்வேன். நானும் திறக்கவில்லை என்று சொல்வேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். உன்னை அந்தத் தாளில் இருக்கிற மாதிரி நல்லவனாக்க வேண்டுமென்றால், மூன்று பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நிற்கவேயில்லை என்று ஆக்க வேண்டும்.

நின்றார்கள். தினமும் நின்றார்கள்.