பதினேழு பிராட்லிகளுக்கு ஒரு கடிதம்

எட்மண்டன், லண்டன்
09.10.2009

அன்புள்ள மகன் அனுசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா காலமாகிவிட்டார். ஈரலில் புற்றுநோய், ஆறு கிழமைக்கு முன்தான் கண்டுபிடித்தார்கள். 19ஆம் திகதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டில் கிரியை. கொள்ளி வைக்க நீ வேண்டும்.

விஜயரத்தினம் என்று எழுதினால் இன்டர்வியூவுக்கே கூப்பிடுகிறார்கள் இல்லை என்று பிராட்லி ஆனாய். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தானே சர்நேம். என்ர பேரைக் கழட்டினவன் இந்த வாசல் மிதிக்கக் கூடாது என்று அப்பா கத்தினார். நீயும் போனவன்தான், ஒரு நம்பர்கூடத் தரவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

அப்பா படுத்ததும் டெலிபோன் புத்தகத்தைப் பார்த்து பிராட்லிகளுக்குப் போன் பண்ணினேன். எல்லாரும் ஒரே சொந்தக்காரர், புதிதாகச் சேர்ந்தவனை யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். என் மடைத்தனம். ஒரு மனுசி தன் பூனையின் வருத்தத்தை அரை மணித்தியாலம் சொன்னா. அந்தப் பிராட்லிகளுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது.

லைப்ரரியில் வேலை செய்யும் பெர்னடெற்தான் விளங்கப்படுத்தினா. காடு வெட்டிய அகன்ற வெளிக்குத்தான் பிராட்லி என்று பெயராம். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டாம். ஊரிலேயே இருந்தவனை யாரும் ஊர்ப்பெயரால் கூப்பிடவில்லையாம். விட்டுப் போனவனைத்தான், போன இடத்துச் சனம் அப்படிக் கூப்பிட்டதாம். பிறகு பிள்ளை, பேரப்பிள்ளை என்று கப்பலேறி உலகம் முழுக்கப் பரவிவிட்டதாம். கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தச் சனத்துக்குள் உன்னை எங்கே தேட?

இதைப் போட்டோ கொப்பி எடுத்து, புத்தகத்தில் உள்ள ஏ. பிராட்லி பதினேழு பேருக்கும் அனுப்புகிறேன். போன வருசம் பெயர் மாற்றியவன் பழைய புத்தகத்தில் எப்படி இருப்பான் என்று உன் தங்கச்சி மயூரா ஏசுகிறாள். எனக்கும் தெரியும். வேறு என்ன செய்ய ஏலும்? மாமா மகன் லக்‌ஷன் கொள்ளி வைத்தாலும் பிழையில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பிள்ளைகளின் பெயர் கேட்டா. நான் வாய் திறக்க முதல் அப்பா, மகன் அனுசன் பிராட்லி என்று முழுதாகச் சொன்னார். போன் நம்பர் என்ன என்று கேட்டதற்கு, தேவையில்லை, அவன் வருவான் என்றார்.

எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இரு, ராசா.

உன் அம்மா,
கமலேஸ்வரி