செம்மதிலில் கை வைத்தவர்கள்

பதிவு 1
ஆனி 3, காலை 7.10. செம்மதில் வாசல், கூடாரம்

நான் ஜெபக்கனி. செவ்வாய்க் குடியிருப்பின் பாறையியலாளர். இது கவச உடைக்குள் பேசிப் பதிவு செய்யும் நாட்குறிப்பு. கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் கேட்கலாம். உடன் வந்திருப்பவள் மருத்துவ உதவியாளர் சங்கரவடிவு. வண்டி ஏறாத கரடு இது. இரண்டு நாள் நடந்து வந்தோம்.

செம்மதில் என்னும் இந்தப் பாறைகளுக்குச் சக்தி இருப்பதாகக் குடியிருப்பில் ஒரு பேச்சு. ஓய்வு கிடைத்தால் கிளம்பி வந்து, பாறையில் உள்ளங்கையை வைத்து நிற்கிறார்கள். மனசு லேசாகிவிடுகிறதாம். செத்துப்போனவர்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார்களாம். போன மாதம் வெல்டர் கனகமணி தனியாக வந்தார். பாறையில் சாய்ந்தபடியே இறந்து கிடந்தார். உடையில் கிழிசல் இல்லை. தொட்டியில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் இருந்தது. சக்தி அவரை ஏற்றுக்கொண்டது என்கிறார்கள். அடுத்த வாரம் இருபது பேர் சேர்ந்து வரப்போகிறார்கள். அதற்குள் படமெடுத்து, அளந்து, காரணம் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல். கல் கல்தான்.

வடிவு கூடாரத்தில் ரேடியோவோடு இருப்பாள். எங்களிடம் இருக்கும் ஒரே அவசர ஆக்சிஜன் சிலிண்டர் என் முதுகில் இருக்கிறது. அதை நிரப்பும் கருவி குடியிருப்பில்தான் உண்டு.

பதிவு 2
காலை 9.40. பாறைகளுக்குள்

மோசமான இடம். இரண்டு பக்கமும் துருவேறிய தகரத்தின் நிறத்தில் சுவர்கள். விளிம்புகள் கத்தி போல இருக்கின்றன. கையுறையின் மேலுறை இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. தூசி நேராக முகக்கண்ணாடியில் வந்து அறைகிறது. துடைத்தால் கீறல் விழுகிறது.

கேமரா முக்காலியின் இரும்புக்கால் பாறையில் ஒட்டிக்கொண்டது. பலமாக இழுத்தபிறகுதான் வந்தது. எடுத்த எல்லாப் படத்திலும் குறுக்கே கோடுகள். பாறையில் இரும்பு அதிகம், எதிர்பார்த்ததுதான். உடையின் அளவுகள் எல்லாம் சரியாகவே காட்டுகின்றன.

சக்தி எதுவும் தென்படவில்லை.

பதிவு 3
காலை 11.05

முழங்கால் வலி போய்விட்டது. ஆறு வருட வலி.

வெளிச்சம் மாறியிருக்கிறது. பாறைக்கு உள்ளிருந்து வருவது போன்ற சிவப்பு. மேலே ஒரு விளிம்பு தெரிகிறது, அங்கிருந்து எடுத்தால் முழுச் சுவரும் ஒரே படத்தில் அடங்கும். ஏறப்போகிறேன்.

வடிவு ரேடியோவில் வந்தாள்.

"எக்கா, எதுக்கு இப்பிடிச் சிரிக்கிய? பத்து மணிக்கே திரும்பிருவேன்னு சொல்லிட்டுப் போனிய. இறங்கி வாங்கக்கா."

நான் ரேடியோ பொத்தானை அழுத்தியதாகவோ சிரித்ததாகவோ நினைவில்லை. பாவம், சின்னப் பெண், பயப்படுகிறாள். ரேடியோவை அணைத்துவிட்டேன். இரைச்சல் வேண்டாம்.

சூசை என் பின்னால் நிற்கிறார். என் கணவர், இறந்து நான்கு வருடம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் நின்றுகொண்டே இருப்பார்.

பதிவு 4
நண்பகல் 12.20

விழுந்துவிட்டேன். இடது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் வரை சிக்கிக்கொண்டது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. வலி தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அடிபட்டால் சிலிண்டரைத் திற என்று பயிற்சியில் மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள். கை தானாகத் திறந்தது.

சில மூச்சுகள்தான். தலை தெளிந்தது. வலி வந்தது. கத்தினேன்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். உடையின் அளவுமானி, சிலிண்டரைத் திறக்கும் முன்பும் ஆக்சிஜன் சரி என்றது, திறந்தபின்பும் அதே எண்ணைக் காட்டுகிறது. பொய் சொல்கிறது. காந்தம் ஈர்க்கும் வாயு ஆக்சிஜன். எங்கள் உடையில் இருக்கும் சென்சார் அந்தக் குணத்தை வைத்துத்தான் அளக்கிறது. இந்தப் பாறை முழுக்கக் காந்தம். பக்கத்தில் வந்ததும் சென்சார் ஏமாந்து, ஆக்சிஜன் போதும் என்று தொட்டியின் வால்வை மூடிவிடுகிறது. கையால் திறக்க வழியில்லை; சிலிண்டரின் குழாய் மட்டும்தான் அந்த வால்வைத் தாண்டி நேராக உடைக்குள் போகிறது. மெல்ல மெல்லக் குறைந்தால் மூச்சு முட்டாது. மூளை மயங்கிச் சந்தோஷப்படும். கொஞ்ச நேரம் நின்றவர்கள் சக்தி என்றார்கள். அதிக நேரம் நின்றவர் கனகமணி.

இங்கே யாரும் வரக்கூடாது. வடிவிடம் சொல்ல வேண்டும்.

பதிவு 5
12.35

ரேடியோவைப் போட்டுக் கூப்பிட்டேன். கூடாரத்திலிருந்து பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் குரல் வந்தது.

"எக்கா, நான் உள்ளதான் இருக்கேன். உங்களத் தேடித்தான் வந்தேன். அம்புட்டுப் பயந்துட்டேன். இப்பப் பயமெல்லாம் போச்சுக்கா. இங்க எவ்வளவு நல்லா இருக்கு!"

திரும்பிப் போ என்று கத்தினேன்.

"எதுக்குக்கா கோவப்படுதிய? உங்களப் பாத்துட்டேன். வாரேன், வாரேன்."

அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. ஆடி ஆடி வருகிறாள். கையைப் பாறையில் தடவிக்கொண்டே வருகிறாள்.

பதிவு 6
நேரம் பார்க்கவில்லை

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து, அவளுடைய அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் பூமியில் புதைக்கப்பட்டவர்.

சிலிண்டரில் மீதி இருப்பது, ஒருவர் வாசல் வரை நடக்கப் போதும். சிலிண்டரையும் குழாயையும் என் உடையிலிருந்து கழற்றினேன். அவள் உடையில் மாட்டினேன். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேனோ என்னவோ. யோசிக்கவில்லை.

அவள் தெளிந்தாள். என் காலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நான் அலறினேன், கால் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அவளுடைய சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. காரணத்தைச் சொன்னேன். குடியிருப்புக்குச் சொல், யாரையும் விடாதே என்றேன்.

"உங்கள விட்டுட்டுப் போகமாட்டேன்."

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். பாறைத்துண்டை எடுத்து அவள் மேல் எறிந்தேன். அவள் முதுகில் பட்டது. "போடி! நீ போகலேன்னா அந்த இருபது பேரும் இங்க வந்து சாவாவ!"

போய்விட்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வளைவைத் தாண்டிவிட்டாள்.

வலி குறைந்துகொண்டு வருகிறது.

பதிவு 7

வடிவின் குரல். சேர்ந்துவிட்டாள்.

"எக்கா, கேக்குதா? கூடாரத்துக்கு வந்துட்டேன். குடியிருப்புக்குச் சொல்லியாச்சு. ஒருத்தரும் வரமாட்டாவ. நீங்க பேசுங்க. ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

அழுகிறாள். எதற்கென்று தெரியவில்லை. கால் வலிக்கவே இல்லை. சூசை குனிந்து என் காலைப் பார்த்து, ஒன்றுமில்லை என்கிறார். இந்த முறை திரும்பிப் பார்த்தேன். போகவில்லை. அங்கேயே இருக்கிறார்.

கல்லில் கை வைத்திருக்கிறேன். கதகதப்பாக இருக்கிறது. கல் மூச்சு விடுகிறது.

வடிவிடம் தவறாகச் சொல்லிவிட்டேன் போல. என்ன சொன்னேன். அந்த இருபது பேர், பாவம், ஆசையாக இருந்தார்கள். தடுத்திருக்கக் கூடாது. வரச் சொல்ல வேண்டும். எல்லோரையும் வரச் சொல்ல வேண்டும். பிள்ளைகளையும்.

ரேடியோ பொத்தான் இங்கேதான் இருந்தது. தேடுகிறேன்.

கிடைத்துவிட்டது. விரல்தான் அழுத்த மாட்டேன் என்கிறது