விற்பதற்காக விரித்த படுக்கை

செட்டிபாளையம்
12.09.2010

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. தான்தோன்றீஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாயிருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும் போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கனடாவில் குளிர் தொடங்கியிருக்கும், சின்னவளுக்குக் காதை மூடிக் கட்டு.

கடல் திரும்பவும் வரும், வீட்டை விற்றுவிட்டுச் செங்கலடியில் தம்பி ஜெயந்தனோடு போய் இருங்கள் என்று நீ தொலைபேசியில் அழுது அழுது எங்களைச் சம்மதிக்க வைத்துவிட்டாய். தரகர் அழகரத்தினம் வந்து, ஆட்கள் பார்க்க வருமுன் வீட்டைச் சோடித்து வைக்கச் சொன்னார். அப்பா ஒரு கிழமையாக ஏணியில்தான் குடியிருக்கிறார், சுவரில் பட்ட சுண்ணாம்பை விடத் தலையில் பட்டதுதான் கூட. ஆனால் சுனாமித் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதே, மூன்று தரம் பூசியும் உப்பு ஊறி மஞ்சளாக வெளியே வந்துவிடுகிறது. அலுமாரியை இழுத்து மறைக்கலாம் என்றார் தரகர். கோடு வீடு முழுக்க ஓடுகிறது, இருக்கிறது ஒரு அலுமாரி.

பிறகு உன் அறை. மருமகன் பெண்வீட்டுக்கு வந்து இருப்பதுதானே நம் வழக்கம், அதற்காகத்தான் இந்த வீட்டைக் கட்டி உனக்குச் சீதனமாக எழுதினோம், பெரிய அறையை உங்கள் இரண்டு பேருக்குமென்று விட்டோம். யுத்தச் சண்டைக்குப் பயந்து கலியாணத்தைக் கொழும்பில் வைத்து அங்கிருந்தே உன்னை விமானம் ஏற்றினோம். பதினொரு வருடமாக அந்த அறையில் நெல்மூட்டைதான் குடும்பம் நடத்தியது. வெறும் அறை விலைபோகாது, ஆள் புழங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தரகர் சொன்னதால் மூட்டைகளை வெளியே எடுத்து, கழுவி, கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்து இரண்டு தலையணை வைத்தேன். உன் அறையில் நான் முதன்முதலாகப் படுக்கை விரித்தது விற்பதற்காகத்தான் மகள். அதில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், அப்பா சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார்.

முந்தநாள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, கொக்கட்டிச்சோலை நல்லரத்தினமும் மனைவி இலட்சுமிப்பிள்ளையும் பார்க்க வந்தார்கள். இந்தப் பக்கம் படிப்பிக்கிற மகள் பிரஷாந்திக்குச் சீதன வீடு தேடுகிறார்கள். அந்த மனுசி சுவர்க்கோட்டில் கைவைத்து, "இவ்வளவுக்கா தண்ணி வந்தது, வீடு அசையல்லையா" என்று கேட்டா. அழகரத்தினம் எனக்குக் கண்ணைக் காட்டினார், நான் கவனிக்கவில்லை, அசையவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப நம்பி இருக்கலாம்" என்று அவ சிரித்தா. பிறகு உன் அறை வாசலில் நின்று, "இது மகள்ட அறையா கா" என்றா. ஓம் என்று சொல்லி, போய்த் தலையணையைத் தட்டி வைத்தேன்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது, தை மாதத்துக்குள் மகள் பெயருக்கு எழுத வேண்டுமாம். வீட்டு உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். நீ வரத் தேவையில்லை, அப்பா உனக்காகக் கையெழுத்து வைக்க அங்கிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பினால் போதும் என்கிறார் உறுதி எழுதும் நொத்தாரிசு. அதைக் கேட்டு எழுதச் சொல்லித்தான் அப்பா எனக்குக் கடதாசி வாங்கித் தந்தார்.

அதை அனுப்பாதே மகள். சுனாமிக்குப் பிறகு எங்களைப் பார்க்க வருகிறேன் என்றாய், சண்டை திரும்பத் தொடங்கும், வராதே என்று நான்தான் தடுத்தேன். சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இனி உன்னைத் தடுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. நீயே வந்து கையெழுத்து வை. அதற்கு முன் ஒரே ஒரு நாளாவது உன் வீட்டில் உன் அறையில் படுத்து எழும்பு, பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடு.

அப்பாவோடு கதைக்கும்போது இதைச் சொல்லிவிடாதே, தத்துவம் கேட்டு எழுதியதாக நினைத்து இதற்கு முத்திரை ஒட்டுகிறவர் அவர்தான். மருமகனுக்கும் சின்னவளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். வரும் திகதியை மட்டும் எழுது. அந்த விரிப்பை நான் இன்னும் மடிக்கவில்லை, சின்னவளுக்கென்று மூன்றாவது தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் காணக் காத்திருக்கும்
அம்மா புஸ்பம்